எங்கள் ஊரில் ‘சீரியஸ்’ என்றால்

சில வருடங்களுக்கு முன், கணவரின் வேலை காரணமாக நாங்கள் வளைகுடா நாடு ஒன்றில் குடியேறிய பிறகு நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுக்கடை பக்கம். வளைகுடாவில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாம் வெள்ளிக்கிழமைதான். வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்றே தெரியாத ஒரு பெரிய வளாகம். உள்ளே போனால் ஒரு பக்கம் மலையாளப் பூசை முடியும், இன்னொரு பக்கம் கொங்கணி தொடங்கும், பிலிப்பைன்ஸ்காரர்கள் கிட்டாரோடு காத்திருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் தமிழுக்கு இடம் கிடைக்கும்.

பூசை முடிந்து பருப்பு வடையும் சாயாவும் தருவார்கள். உண்மையைச் சொன்னால், தமிழ்க் குழுவில் நான் சேர்ந்தது அந்த வடைக்கும் நாலு பேரோடு வாய்விட்டுப் பேசுவதற்கும்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை என்று. ஆஸ்பத்திரிகளில் ஆளில்லாமல் கிடக்கும் தமிழ்க்காரர்களைப் போய்ப் பார்ப்பார்கள். யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப அலைவார்கள். எனக்கு மலையாளமும் வரும் என்பதால் நர்சுகளிடம் பேசுவதற்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்படித்தான் நானும் ஊழியக்காரி ஆனேன்.

குழுவின் பொறுப்பாளர் திருச்சிப் பக்கத்து அண்ணன் ஒருவர். தங்கமான மனிதர். எதையும் நேராகச் சொல்லமாட்டார், பஞ்சில் சுற்றித்தான் சொல்வார். எனக்கோ வாய் நீளம், பொறுமை குட்டை. எப்படியோ ஒத்துப்போனோம்.

ஒரு புதன்கிழமை மாலை அவர் போன் செய்தார். மீன்பிடி லாஞ்சில் வேலை செய்த ஒருவருக்கு விபத்து, உங்கள் மாவட்டத்துக் கடற்கரைக்காரர், வரமுடியுமா என்றார். போனோம். வலை இழுக்கும் இயந்திரத்தின் வடம் அறுந்து நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்திருக்கிறது. அந்த லாஞ்சில் அவர் ஒருவர்தான் தமிழ். மற்றவர்கள் எகிப்துக்காரர்களும் வங்காளிகளும். துறைமுகத்தில் வேலை பார்த்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்த நேரம் கடலில் இருந்தார்கள். கம்பெனி குமாஸ்தா கோயிலுக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வாயில் குழாய், இரண்டு கையிலும் ஊசி. வெயிலில் கறுத்த கை வெள்ளைத் துணிமேல் கிடந்தது. உயிர் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன், உயிர் இருந்தது.

நான் நர்சிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பொறுப்பாளர் அண்ணன் வெளியே நின்று ஊருக்குப் போன் செய்துவிட்டார். எடுத்தவர் நோயாளியின் தம்பி. அண்ணன் வழக்கம்போல மெதுவாக, மனசு நோகாமல் சொல்லியிருக்கிறார்: “தம்பி, அண்ணனுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க.” திருச்சியில் அதற்கு என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில்தான் அவர் சொன்னார்.

எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அங்கே யாராவது இறந்துபோனால் “இறந்துட்டார்” என்று எந்தக் காலத்திலும் முதல் போனில் சொல்லமாட்டார்கள். “சீரியஸா இருக்கு” என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஜெபம் சொல்லவைத்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து கூடிய பிறகு மெதுவாக விஷயத்தை விடுவார்கள். மஸ்கட்டில் என் மாமா இறந்தபோது என் வீட்டிலும் அதுதான் நடந்தது. சீரியஸ் என்றால் முடிந்தது. கூடவே “ஜெபம் பண்ணுங்க” என்றும் சொல்லிவிட்டால் சந்தேகமே இல்லை. யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, பாசத்தில் செய்வதுதான். ஆனால் உண்மையிலேயே சீரியஸாக இருக்கிற ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு ஒரு சொல் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், அடிபட்டவரின் மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நான் போன் செய்தேன். எடுத்தவுடன் மணிச்சத்தம் கேட்டது. காலைப் பூசை மணி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் ஒன்று அடித்து, நிறுத்தி, வெகுநேரம் கழித்து இன்னொன்று அடித்தது. கடற்கரையில் பிறக்காதவளாக இருந்தாலும் அந்த மணி எனக்குத் தெரியும். துக்க மணி. அது அடித்தால் அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அதற்கும் பின்னால் பெண்கள் கூட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள்.

தம்பிதான் பேசினார். “அக்கா, பாடி எப்ப வரும்?”

“எந்த பாடி?” என்றேன்.

“எங்களுக்கு மனசிலாச்சு அக்கா. நேத்தே அந்த அண்ணன் விளிச்சு பறஞ்சாரு, சீரியஸுன்னு.” பொறுப்பாளர் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னதைத்தான் சொல்கிறார்.

சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “உயிரோட இருக்காரு, நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்” என்று கத்தினேன். அவர் ரொம்ப மரியாதையாக, “சரி அக்கா, சரி அக்கா” என்றார். அந்தச் “சரி”யில் நம்பிக்கை துளியும் இல்லை. நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கோயில் மணி அடிக்க ஆஸ்பத்திரிச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. பந்தலும் போட்டாயிற்று.

அன்று வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பல் வலி என்று வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். நர்சுக்குப் போன் செய்து கெஞ்சினேன். அவள் பாறசாலைக்காரி, எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். அவளுக்கு உடனே புரிந்தது. விதியை மீறி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். நான் அதை ஊருக்கு அனுப்பினேன். கண் மூடியிருக்கிறது, வாயில் குழாய், கழுத்துவரை வெள்ளைத் துணி. பதில் வந்தது: இது முடிந்த பிறகு எடுத்த படம்தானே அக்கா, எங்களுக்கும் தெரியும். படத்தில் உயிரைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

மாலையில் அண்ணனும் நானும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். உள்ளே எல்லாம் நொறுங்கியிருக்கிறது, இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. நாளை தாண்டாது. பிறகு நர்ஸ் சொன்னாள்: இடையிடையே கண் திறக்கிறார், காது கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன், வீட்டார் யாராவது பேசினால் நல்லது. போனைக் காதில் வைக்கத் தலைமை நர்சிடம் நான் அனுமதி வாங்கித் தருகிறேன் என்றாள்.

இதுதான் அப்போது என் முன்னால் இருந்த காரியம். இங்கே ஒருவர் மனைவியின் குரலைக் கேட்கக் காதைத் திறந்துவைத்துப் படுத்திருக்கிறார். அங்கே அவள் அவருக்காக அழுதுகொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு வார்த்தை நிற்கிறது. நாளைக்கு மேல் நேரம் கிடையாது.

அனுமதி கிடைத்ததும் உள்ளே போய், கட்டிலருகில் நின்று ஊருக்குப் போன் செய்து, அவர் மனைவியிடமே தரச் சொன்னேன். வெகுநேரம் கழித்து வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. என்னைவிடச் சின்னவள்.

“மக்கா, உனக்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு. போன காதுல வைக்கியேன். நீ பேசு.”

“அக்கா, கள்ளம் பறயாண்டாம்,” என்றாள். பொய் சொல்லவேண்டாம் என்கிறாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“மாதா மேல ஆணையா சொல்லியேன்.”

“மாதாவ இதுல இழுக்காதீங்க அக்கா.” பிறகு அவளாகவே சொன்னாள். “எனக்க அப்பனும் அங்கதான் செத்தாரு. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. சீரியஸா இருக்காருன்னு பறஞ்சாவ. நான் கோயில்ல முட்டங்கால் போட்டு கெடந்தேன். சாப்பிடல்ல. அப்பனுக்கு சொகம் கிட்டணும்னு நேர்ச்ச போட்டேன். அவரு அப்பவே ஐஸ் பெட்டியில இருந்திருக்காரு. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. செத்த ஆளுக்கு சொகம் கேட்டவ நான். இன்னொரு மட்டம் என்னக்கொண்டு அது ஒக்காது.” இன்னொரு தடவை தன்னால் அது முடியாது என்கிறாள்.

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். பிணத்தின் காதில் போனை வைத்துவிட்டு அவளைப் பேசவைத்து வேடிக்கை பார்க்கிறோம் என்று அவள் நினைக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பேன்.

திறந்திருந்த கதவருகே நின்ற பொறுப்பாளர் அண்ணன் சைகை காட்டினார். நம்பிக்கையாகப் பேசு, குணமாகிவிடுவார் என்று சொல்லு என்று உதடு அசைத்தார். அந்த நல்ல மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

“பிழைக்க மாட்டாரு மக்கா.”

அதோடு நான் நிறுத்தவில்லை.

“டாக்டர் இப்பதான் சொன்னாரு. நாளைக்கு தாண்டாது. உள்ள எல்லாம் போச்சு. யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இப்ப இருக்காரு. நான் அவருக்க கைய பிடிச்சிட்டு நிக்கியேன். சூடு இருக்கு.”

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

பிறகு மெல்லிய குரலில் ஒரு கேள்வி வந்தது. “உள்ளதா?”

எங்கள் பக்கத்தில் உண்மையா என்பதற்கு அப்படித்தான் கேட்பார்கள். உள்ளதா, இல்லாததா. “உள்ளது” என்றேன்.

அப்போதுதான் அவள் நம்பினாள். ஏன் என்று எனக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், ஆனால் சாகப்போகிறார் என்று சொல்லமாட்டார்கள். அவளுடைய அப்பா விஷயத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

“காதுல வைங்க அக்கா,” என்றாள்.

வைத்தேன். தள்ளி நிற்கத்தான் ஆசை, ஆனால் போனைப் பிடிக்க வேறு கை வேண்டுமே. அதனால் எல்லாம் என் காதிலும் விழுந்தது. அதில் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் திட்டினாள். வடத்துக்குப் பக்கத்தில் நிற்காதீங்க என்று எத்தனை மட்டம் சொன்னேன், கேட்டீர்களா என்று. அப்புறம் குரல் இறங்கியது. “இஞ்ச ஒங்களுக்கு மணி அடிச்சாச்சு, கேக்கியளா? தெரியாம அடிச்சிட்டாவ. ஒரு வள்ளமும் எறங்கல்ல. எல்லாரும் கரையிலதான் நிக்கியாவ. ஒங்களுக்கிட்ட மிண்டாம இருந்த பெரியண்ணனும் வந்தாரு. பந்தலுக்கு மொதல் காலு நாட்டுனது அவருதான்.”

அவர் கண் திறந்தது. நர்சும் பார்த்தாள். எங்களை எல்லாம் பார்க்கவில்லை, மேலே கூரையைப் பார்த்தார். ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கி என் விரலில் பட்டது. தனக்கு அடித்த மணியைத் தானே கேட்டுவிட்டுப் போக எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்? பேசாமலிருந்த அண்ணன் பந்தல்கால் நாட்டினான் என்பதைச் சாகும் முன் கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? அந்தத் தவறான மணிமேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் அடங்கியது அப்போதுதான்.

கடைசியில் மகளைப் பற்றிச் சொன்னாள், அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மை நாளைப் பற்றி. “மோளுக்க புதுநன்மைக்கு வந்திருவேன்னு சொன்னியல்லா. வராண்டாம். கஷ்டப்பட்டு வராண்டாம். நான் பாத்துக்கிடுவேன். நீங்க போங்க.”

பிறகு நல்மரணத்துக்கான ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாள். அண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். நர்ஸ் திரும்பிநின்று எதையோ சரிசெய்வதுபோல் இருந்தாள். நான் அழவில்லை. போன் நழுவிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

அதற்குப் பிறகு ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் அவள் வாயால் சொன்னதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். செத்தவன் பிழைத்தான் என்று ஒரே சந்தோஷம். தம்பி எனக்குப் போன் செய்து சிரித்துக்கொண்டே பேசினார். பந்தலைப் பிரிக்கப் போனார்களாம். அவள்தான் தடுத்திருக்கிறாள், நிக்கட்டும் என்று. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சிரிக்க, இந்தப் பந்தல் எதற்கு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. பத்து மணிவாக்கில் அவர் போய்விட்டார். பக்கத்தில் நின்றேன். அதிகம் கஷ்டப்படவில்லை, அல்லது கஷ்டம் நமக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். பொறுப்பாளர் அண்ணன், “நீயே சொல்லும்மா” என்றார்.

அவளே எடுத்தாள். “போயிட்டாரு மக்கா” என்றேன்.

“உள்ளதா?”

“உள்ளது. இப்பதான். நான் நின்னேன்.”

அவள் அழுத அழுகையை விவரிக்க எனக்குத் தெரியாது. அன்று மாலை அங்கே இரண்டாம் முறை மணி அடித்தது என்று கேள்விப்பட்டேன். அவள்தான் கேட்டு அடிக்கச் சொன்னாளாம். உடல் போய்ச் சேர வெகுநாள் ஆயிற்று. அந்த அலைச்சலைப் பற்றித் தனியே ஒரு அழுகை அழலாம், அது இங்கே வேண்டாம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அவருடைய ஆண்டு நினைவுப் பூசைக்குப் போனேன். அவள் வீட்டில் ஐம்பது பேர் இருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் நான் யாரென்று தெரியாது அவளுக்கு. நான் வாயைத் திறந்து பெயர் சொல்லத் தொடங்கினேன். குரலைக் கேட்டதும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. செருப்பை மாட்டப் போனேன்.

திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். “ஒங்க சத்தம் கேட்டா எனக்கு தேஷ்யம் வருது அக்கா,” என்றாள். கோபம் வருகிறது என்கிறாள். “எதுக்குன்னு தெரியல்ல. நீங்க ஒண்ணும் செய்யல்ல. இருங்க. மீன் கறி இருக்கு, தின்னுட்டு போங்க.” நான் உட்கார்ந்தேன். அவளே பரிமாறினாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் குரல் அவளுக்கு எதைக் கேட்கவைக்கிறது என்று எனக்குத் தெரியும்.

குழுவில் இப்போதும் ஊருக்குப் போன் செய்கிற வேலை என்னுடையதுதான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்வதில்லை. இருக்கிறார் என்றால் இருக்கிறார் என்பேன், இல்லை என்றால் இல்லை என்பேன். கல்நெஞ்சுக்காரி, இப்படிப் பச்சையாகச் சொல்கிறாளே என்று என்னைச் சபித்தவர்கள் உண்டு. சபிக்கட்டும். வாயில் ஆறுதல் வார்த்தை வரும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கத்திலிருந்து “உள்ளதா?” என்று கேட்பது காதில் விழுகிறது, உள்ளது என்று பதில் சொல்ல முடியாத எதையும் அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடிவதில்லை.